பஷீர் மாமா அளந்த மூலை

செய்தி வந்தபோது என் தலை ஓர் அட்டைப் பெட்டிக்குள் மாட்டியிருந்தது. திரைக்கென்று வெட்டிய ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தவன், காது தடுத்துவிட்டதால் வெளியே எடுக்க முடியாமல் நின்றேன். மகள் அனிதா சிரித்துக்கொண்டே என்னைப் போனில் படம் பிடித்தாள். அந்தப் போன்தான் அடித்தது. பேசிய அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அப்பா, பஷீர் மாமா தவறிட்டாராம்." நான் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்களுக்கெல்லாம் அவர் மோட்டார் பஷீர். குரங்கணிக்கு மேலே எந்தத் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் எந்திரம் நின்றாலும், ஜீப்பேறிப் போய் ஓடவைத்துவிட்டு வருவார். நானும் மாமா என்பேன், அனிதாவும் மாமா என்பாள். என் மனைவி அவருக்குத் தங்கச்சி. முறை குழம்பியதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

என் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு வீடியோ கேம் பெட்டிக்காக. கடைகளில் நின்றுகொண்டு ஆடுவார்களே, திரையும் பிடியும் பட்டன்களுமாக, அந்தப் பெட்டி. அனிதா எந்நேரமும் போனுக்குள் குனிந்து கிடக்கிறாள் என்று, வீட்டிலேயே ஒன்று செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். என் வேலை ஏலக்காயைச் சலித்து, பருமன்படி எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரிப்பது. பலகையை நேராக அறுக்கத் தெரியாது.

ஒரு நோட்டில் படம் வரைந்து அவரிடம் காட்டினேன். ஆறடி உயரம், மூன்றடி அகலம். எங்களுடையது மாடியில் இரண்டு அறை. பீரோவுக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவே ஒன்றேமுக்கால் அடி மூலைதான் மிச்சம்.

படத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு மாப்ளே. பெட்டிய உள்ள வச்சுட்டு நீங்க மூணு பேரும் எங்க குடி போறீங்க?"

பலகையை அவர் தொடவே இல்லை. ஏலக்காய் வந்த அட்டைகளை என்னையே கொண்டுவரச் சொல்லி, அசல் அளவில் அட்டைப் பெட்டி ஒன்று ஒட்டினார். "ஒரு வாரம் இதோட குடும்பம் நடத்துங்க. யாரு இடிக்கிறா, யாரு திட்டுறான்னு பாப்போம். அப்பறம் பலகைய அறுக்கலாம்." முதல் நாளே என் மனைவி சோற்றுப் பானையோடு திரும்பும்போது இடித்தாள், திட்டினாள். திட்டு எனக்கு வந்தது. அவர் பெட்டியின் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்தார். மேல்பாதியைச் சுவரில் மாட்டவும், பட்டன் பலகையைக் கீல் வைத்து மடக்கவும் திட்டம் போட்டார். "பெட்டிக்கு எடம் பாக்காதே மாப்ளே. தங்கச்சி முழங்கைக்கு எடம் பாரு."

எந்த உயரத்தில் மாட்டுவது என்று வந்தபோது, அனிதாவின் உயரத்துக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ள வளரும். நீ இனிமே வளரவா போற? ஒன் ஒசரத்துக்கு வைப்போம். அதுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு முக்காலி போதும்."

அன்று அனிதா சிரித்த சிரிப்பை நான் வீட்டில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் வரும் சாயங்காலங்களில் போன் பீரோ மேல் கிடக்கும். அட்டையில் வரைந்த பட்டன்களை இருவரும் அழுத்தி, வாயாலேயே சத்தம் கொடுத்து ஆடுவார்கள். தோற்றால் மாமா, "கரண்டு போச்சு, செல்லாது" என்பார்.

வாரம் ஒருமுறை வந்து கேட்பார். "அளவு சரியா வந்துருச்சா மாப்ளே?" அரை இஞ்ச் இடிக்கிறது என்பேன். டேப்பை எடுப்பார், வெட்டுவார், ஒட்டுவார். அடுத்த வாரம் கால் இஞ்ச் என்பேன். இப்படியே மூன்று மாதம். "வெரசாச் சொல்லுய்யா. நின்னு ஒரு ஆட்டம் நெசமா ஆடிப் பாக்கணும்" என்றார், கடைசியாக வந்தபோது.

எங்கள் மாடிக்குப் பன்னிரண்டு படி. ஆறாம் படியில் நின்று மலைப் பக்கம் பார்ப்பார். "மேல மழை எறங்குது பாரு" என்பார். நானும் மழையைத்தான் பார்த்தேன். அவர் மூச்சு வாங்க நின்றிருக்கிறார் என்பது, நெஞ்சு வலியில் போனார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் உறைத்தது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், எங்கள் வீட்டில் கிடந்த அவருடைய டேப்பைக் கொடுக்கப் போனேன். துக்கம் காத்து உள்ளேயே இருந்த அவர் மனைவி கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார்.

"அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே. ஒங்க வீட்டுப் பெட்டி சோலி முடியலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அளவு சரியா வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா" என்றேன்.

டேப் என் சட்டைப் பையில் இருக்கிறது. பலகை வாங்கியாயிற்று, கிழிந்த அட்டையை ஒட்டி, அதில் அவர் போட்ட பென்சில் கோடுகளின்படியே அறுப்பேன். கோணலாகத்தான் வரும். அனிதா முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நான் சொல்லாமல் வந்தது ஒன்றுதான். கீழ்ப்பாதியை வெட்டிய அன்றே அளவு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் இடிக்கவில்லை. பெட்டி முடிந்தால் மாமா வரமாட்டார் என்றுதான், வாரா வாரம் அவரைப் படியேற வைத்தேன்.