த்ரீ பேஸ் வரும் நேரம்

சாலவாக்கத்தைத் தாண்டி ஒரு காலனியில் ரோசி என்ற பெண் வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவைக் கேட்டு டைப் அடித்து, மதியம் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டாம் முறை நான் அங்கே போனபோது, சைக்கிளை நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாண்ணா, வா. ரெண்டு எம்பி ஏத்திக் குடுத்துட்டேன்னு பெருமையா சொல்லிக்கினு போனியே, இன்னா பிரயோஜனம்? பன்னெண்டு மணியானா லிங்க் பூடுது. நேத்தும் பைல் போவல. இன்னொரு தபா லேட்டானா பேரை எடுத்துடுவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க."

நான் எட்டாவது வரை படித்தவன். செங்கல் சூளை, போர்வெல் லாரி, கேபிள் பள்ளம் என்று சுற்றிவிட்டு, பிராட்பேண்ட் லைன் பார்க்கும் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்திருந்தேன். ஒரு நாளைக்குப் பத்து புகார் பார்க்க வேண்டும். கஸ்டமர் கேட்பது வேகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்து ஸ்பீடை ஏற்றச் சொல்வேன். ஸ்கிரீனில் பெரிய நம்பர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரோசி வீட்டிலும் அதைத்தான் செய்திருந்தேன், காலை ஒன்பது மணிக்கு.

இந்தத் தடவை மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஸ்என்ஆர் மார்ஜின் ஏழு என்று காட்டியது. லைனில் இருக்கும் இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்பதுதான் அந்த நம்பர். ஸ்பீடை ஏற்றினால் அது இறங்கும். ஏழு போதும் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வயல்களுக்கு மோட்டார் ஓட்டுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் விட்டார்கள். சுற்றிலும் பம்ப்செட்டுகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. ரோசி வீட்டு போன் ஒயர், மோட்டார் கொட்டகைகளுக்குப் போகும் கரண்ட் கம்பியை ஒட்டியே வருகிறது. மோட்டார் ஓட ஓட அந்த இரைச்சல் போன் ஒயரிலும் ஏறியது. ஏழு நாலானது. நாலு இரண்டானது. லிங்க் விளக்கு அணைந்தது.

"பாத்தியா?" என்றார் ரோசி.

ஒயரை வேறு பக்கமாக இழுக்க வேண்டுமென்றால் கேபிள் வர மாதக்கணக்காகும். எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்து, ஸ்பீடை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கேபிக்கு இறக்கச் சொன்னேன்.

"யோவ், தெனம் ஏத்து ஏத்துன்னு பேஜார் பண்ணுவ. இன்னிக்கு எறக்கச் சொல்ற? வெயில்ல மண்டை காஞ்சிபோச்சா?" என்றார் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்.

அது ரோசிக்கும் கேட்டது. "கொறைக்கவா வந்த? கால்வாசிதான் வருமா?"

"நீ அனுப்புற பைல் பெருசாம்மா?"

"வெறும் எழுத்துதான். ஆடியோதான் பெருசு. அத காலைலயே எறக்கிடுவேன்."

"அப்போ இது போதும்மா."

விளக்கு மறுபடி எரிந்தது. மார்ஜின் பதிமூன்று. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. நம்பர் பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் இடையே ஆடியது. விளக்கு அணையவில்லை. ஒன்றரை மணிக்கு பைல் போய்ச் சேர்ந்தது. ரோசி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மோட்டாராலதான் கட்டாவுதுன்னு போன தபா தெரியலியாண்ணா?"

"தெரியலம்மா."

"பன்னெண்டு வரைக்கும் குந்திக்கினு இருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்."

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், எத்தனை மணிக்குக் கட்டாகிறது என்றுதான் முதலில் கேட்பேன். அந்த நேரம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அதனால் ஒரு நாளைக்கு நாலு புகார்தான் முடிந்தது. மீதி ஆறுக்கு சாயங்காலம் சூப்பர்வைசரிடம் நின்று திட்டு வாங்கிக்கொள்வேன்.