யானை உண்டியலும் என் வயிற்றெரிச்சலும்

காஞ்சிபுரத்தில் நானும் நண்பன் சலீமும் பழைய வார்ப்பிரும்பு உண்டியல் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள். போன மாதம் வாலாஜாபாத்தில் அவனுக்கு ஒரு யானை கிடைத்தது. வாலை அழுத்தினால் தும்பிக்கையால் காசைத் தூக்கி முதுகுக்குள் போட்டுக்கொள்ளும். பல வருஷமாக நான் தேடியது! வயிறெரிந்து, "இது பழசில்ல, புது வார்ப்புபா, உன்னை ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சலீம் வீட்டில் யானையைக் காணோம். "நீதானே டூப்ளிகேட்டுன்ன? காயலான் கடையில போட்டுட்டேன்" என்றான். அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் பறந்தேன். நல்லவேளை, யானை உடைபடாமல் தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது அசல் பழசுதான் என்ற உண்மையை அங்கேயே சொன்னேன்.

"அவ்ளோ பொறாமையாபா?" என்றவன், காசு கொடுத்து யானையை மீட்டுக்கொண்டான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது யார் எதைக் காட்டினாலும், "எனக்கும் ஆசையா இருக்குது" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் என் கருத்து.