வழிமொழிய ஆளில்லாத மசோதா

டாக்டர் மாசிலாமணி காலமான செய்தியை அவருடைய சமையற்காரர் பிச்சைதான் கொண்டுவந்தார். சனிக்கிழமை நண்பகல். ரயில்வே அலுவலகத்தில் சரக்கு வண்டிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பிச்சை உள்ளே வராமல் கதவோரம் நின்று, "கிராணி ஐயா, டாக்டர் போயிட்டாருங்க" என்றார். பட்டியலில் இன்னும் நான்கு வரிகள் இருந்தன. அவற்றை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் உடன் வந்தவர்கள் ஒன்பது பேர். மாநில சபையில் இந்தியர்களின் உறுப்பினராக அவர் நியமிக்கப்பட்ட அன்று அதே வாசலில் கூடிய கூட்டத்தால் மாட்டு வண்டிகள்கூடத் தெருவில் நகர முடியவில்லை. அன்று அவர் கழுத்தில் மாலை போட்டவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் எழுத உட்காரவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் கிடையாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு அவருடைய மருந்தகத்துக்குப் போனதில் ஆரம்பித்தது எங்கள் பழக்கம். நாடியைப் பார்த்துக்கொண்டே என்ன வேலை என்று கேட்டார். கிராணி வேலை, தட்டச்சு செய்யும் குமாஸ்தா என்றேன். "அப்படின்னா உங்களைச் சீக்கிரம் குணப்படுத்தணும். எனக்கு மூணு மசோதா அடிக்க வேண்டியிருக்கு" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே பிச்சை வந்து என்னை அழைத்துப் போனார். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள், அலுவலகம் விட்டதும் என் கால்கள் தாமாகவே அந்த மருந்தகத்துக்குத்தான் போயின. டாக்டர் மனைவியை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. நானும் தனி ஆள். எங்கள் இருவரையும் சாப்பிட வைப்பதே பிச்சைக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்த மூன்று மசோதாக்கள் இவைதாம். ஒன்று, ஒவ்வொரு ரப்பர் தோட்டத்திலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் இருக்க வேண்டும். இரண்டாவது, தோட்டப் பள்ளிக்குத் தனிக் கட்டடமும் படித்த ஆசிரியரும் வேண்டும். அதிலேயே, பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக் கூடாது. மூன்றாவது, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் உள்ள கிணறுகளுக்குச் சுற்றுச்சுவரும் மூடியும் வேண்டும்; ரயில் பாதையைக் கடக்கும் இடங்களில் காவலாள் வேண்டும். இன்று படிக்கும்போது இவையெல்லாம் பெரிய சங்கதிகளாகவே தெரியாது. சபையில் அன்று அவர் கேட்டது வானத்து நிலவை என்பதைப் போல நடந்துகொண்டார்கள்.

டாக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் நான் அடித்துக் கொடுத்ததை, மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவார். "இது உங்களுக்கான சட்டம். நல்லாயில்லைன்னா சொல்லுங்க" என்பார். பெரும்பாலும் எல்லோரும் தலையாட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்த அஞ்சலை என்ற பெண் மட்டும் தலையாட்டவில்லை. "மொதல்ல கெணத்துக்குச் செவரு வைக்கச் சொல்லுங்க ஐயா. எங்க லயத்துக் கெணத்துலதான் எம் மக விழுந்துச்சு. மத்ததெல்லாம் பொறவு பாக்கலாம்" என்றாள். அதுவரை மூன்றாவதாக இருந்த மசோதாவை அன்றே முதலாவதாக மாற்றி அடிக்கச் சொன்னார். மூன்று படிகள், எல்லாவற்றையும் நான் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன்.

சபையில் ஒருவர் ஒன்றை முன்மொழிந்தால் போதாது, இன்னொருவர் அதை வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அந்த மசோதா விவாதத்துக்கே வராது, அப்படியே விழுந்துவிடும். டாக்டர் அங்கே ஒரே தமிழர். துரைமார்கள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள், தேநீர் கொடுப்பார்கள், வழிமொழிய மட்டும் மாட்டார்கள். அம்பாங்கில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன உறுப்பினர் ஒருவர்தாம் மனம் இறங்கினார். உறுப்பினர்கள் மூவர் ஒரு தோட்டத்தை நேரில் பார்த்து வரட்டும், நிலைமை நீங்கள் சொல்வதுபோல இருந்தால் நான் வழிமொழிகிறேன் என்றார். டாக்டர் அஞ்சலையின் தோட்டத்தைக் குறிப்பிட்டார். தோட்டத் துரையும் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். தன் தோட்டத்தில் குறை என்று எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் டாக்டரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "நாம ஒண்ணும் பேச வேண்டாம், கிராணியாரே. அந்தக் கிணறே பேசும்" என்றார். எந்த நாள் வருகிறார்கள் என்பதை மட்டும் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணிக்குத் தெரிவித்து ஒரு கடிதம் போடச் சொன்னார். போட்டேன். நாளைச் சொல்லி முடித்த பிறகு கடிதம் மொட்டையாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. நம்மவர்கள் கடிதத்தை அப்படி முடிப்பதில்லை அல்லவா? அதனால் நானாகவே ஒரு வரி சேர்த்தேன். 'பெரியவர்கள் வருகிறார்கள், மரியாதைக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ளவும்.' கையெழுத்து டாக்டருடையது. நான் கொடுத்த தாளை அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

குறிப்பிட்ட நாளில் இரண்டு மோட்டார் வண்டிகளில் போனோம். செம்மண் சாலை தோட்டத்துக்குள் திரும்பும் இடத்திலேயே தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். லயங்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சாக்கடை ஓடிய இடத்தில் மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் நடந்துவந்த பள்ளியில் மாடுகளைக் காணோம். கோயிலிலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகளில் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவி வரிசையாக உட்கார்ந்து வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். கிணற்றை மூடியிருந்தார்கள். ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்தின் பலகைகளைக் கழற்றி வந்து கிணற்று வாயை மறைத்து, இரண்டு பக்கமும் வாழை கட்டி, சுற்றிலும் கோலம் போட்டிருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு அங்கே நின்றவள் அஞ்சலை.

வந்தவர்களுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இளநீர் குடித்தார்கள். மூத்த துரை ஒருவர், இவ்வளவு சுத்தமான தோட்டத்தை நான் பார்த்ததே இல்லை என்றார். சீன உறுப்பினர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அஞ்சலையைத் தனியே அழைத்து, "என்னம்மா இது?" என்று மெதுவாகக் கேட்டார். "உங்க பேரச் சொல்லி வர்றவங்க ஐயா. நம்ம எடத்த அசிங்கமாவா காட்டுறது?" என்றாள். அவள் கண்ணில் பெருமைதான் இருந்தது. டாக்டர் தட்டில் இருந்த குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். இது நான் சேர்த்த வரி செய்த வேலை என்று எனக்கு அப்போதே புரிந்தது. மறுநாள் காலையிலேயே பலகைகள் புகைக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சபை கூடிய அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழுவின் அறிக்கையைப் படித்தார்கள். தொழிலாளர்கள் நிறைவாக வாழ்கிறார்கள், புதிதாகச் சட்டம் தேவையில்லை. அதன் பிறகு டாக்டர் எழுந்து முதல் மசோதாவை முன்மொழிந்தார். வழிமொழிபவர் உண்டா என்று கேட்டார்கள். சீன உறுப்பினர் தம் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்த குமாஸ்தா அதைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டாவதை முன்மொழிந்தார், பிறகு மூன்றாவதையும். அவற்றுக்கும் வழிமொழிய ஆள் வரவில்லை. ஒரு மனிதன் அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

வெளியே வந்து படியிறங்கும்போது சொன்னார்: "விருந்தாளி வர்ற நாளுக்குச் சட்டம் எதுக்கு, கிராணியாரே? யாரும் வராத நாளுக்குத்தான் சட்டம் வேணும்." தோட்டத்து ஜனங்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அவர் கேட்பார், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்காரனைக் கூப்பிட்டேன்.

அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மறுபடி நியமிக்கவில்லை. கூட்டங்களுக்குத் தலைமை தாங்க அழைப்பது நின்றது. திருமணப் பத்திரிகைகள் குறைந்தன. அவர் கண்கள் மங்கியதும் மருந்தகத்தையும் மூடிவிட்டார். இந்த நேரத்தில்தான் நானும் போவதை நிறுத்தினேன். முதலில் வாரம் ஒரு முறை என்று குறைத்தேன், பிறகு தீபாவளிக்கு என்று ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை. வேலை அதிகம் என்று பிச்சையிடம் சொல்லி அனுப்பினேன். உண்மை அதுவல்ல. அவரைப் பார்க்கும்போதெல்லாம் கடிதத்தில் நான் சேர்த்த அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. அவர் வீட்டுக்கும் என் அறைக்கும் இரண்டு தெருதான் இடைவெளி. நான்கு ஆண்டுகள் அந்த இரண்டு தெருவைச் சுற்றிக்கொண்டுதான் நான் வேலைக்குப் போய்வந்தேன்.

அவர் மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு பிச்சையைச் சந்தையில் பார்த்தேன். ஐயா படுத்த படுக்கையாக இருக்கிறார், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறார் என்றார். அன்று மாலை போனேன். என் குரலை வைத்து அடையாளம் கண்டு, "வாங்க" என்றார். கட்டிலருகே உட்கார்ந்ததும் குசலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. "டாக்டர், அந்தத் தோட்டத்துக்கு லெட்டர் எழுதினப்போ நான் ஒரு வரி சேத்துட்டேன். மரியாதையா பாத்துக்கோங்கன்னு. அதனாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்று கொட்டிவிட்டேன்.

"தெரியும். அந்தத் தோரணத்தைப் பார்த்தப்பவே தெரியும். எனக்கு லெட்டர் எழுத உங்களை விட்டா வேற யாரு இருந்தா?" என்றார்.

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா வர்றதை நிறுத்திடுவீங்களோன்னு பயம்" என்றார். பிறகு, "கேக்காமலே நிறுத்திட்டீங்க. சும்மாவாச்சும் வந்திருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரமும் தினம் போனேன். அது நான்கு ஆண்டுகளுக்கு ஈடாகாது. உங்களுக்கும் அவருடன் ஏதோ ஒரு சங்கடம் இருந்திருக்கலாம். கேட்டது கிடைக்காத கோபம் இருந்திருக்கலாம், வெறும் மறதியாகவும் இருக்கலாம். மூன்று மசோதாக்களில் ஒன்றும் நிறைவேறவில்லை. அவர் பெயரில் ஒரு தெருவோ கட்டடமோ கிடையாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'சும்மாவாச்சும் வந்திருக்கலாம்' என்ற அந்தச் சொல் ஒன்றுதான். காரியம் இல்லாமலும் ஒருவரைப் போய்ப் பார்க்கலாம் என்பது. நாற்பத்தெட்டு வயதில் அதைப் பழகத் தொடங்கியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து அந்தத் தோட்டத்துக்கு நடந்தேன். முன்கூட்டி யாருக்கும் எழுதவில்லை. கிணற்றுக்கு இன்னும் சுவர் இல்லை. பக்கத்தில் சேறு, அதில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் இடத்துக்கு வந்த மாநில சபையின் புதிய உறுப்பினருக்கு நான் எழுத வேண்டியதெல்லாம் கண்ணெதிரே அப்படியே கிடந்தது. அஞ்சலை என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். "என்ன விசயமா வந்தீங்க ஐயா?" என்றாள். சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை. வாசலெல்லாம் குப்பையாகக் கிடக்கிறதே என்று விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.