சட்டைப்பைக்குள் அடங்கிய பைனாகுலர்

நேற்று உட்துறைமுக வீதியில் ஒரு கடைக்காரர் எனக்குப் பைனாகுலர் பற்றி வகுப்பெடுத்தார். என் மகள் திமிங்கிலம் பார்க்கப் போகிறாளாம், ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். பெரிதும் சின்னதுமாக இரண்டை எடுத்து வைத்தார். "சின்னதை எடுங்கோ ஐயா. பொக்கற்றுக்குள்ளையே வைக்கலாம், சுகம்." எனக்கு வந்த கோபத்தில் ஒன்றும் வாங்காமல் இறங்கிவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்தார்? அவர் திறந்த உறையின் புது றப்பர் மணம்தான் என்னைக் குழப்பியது.

அதே மணம் முப்பது வருடங்களுக்கு முன் கொழும்புக் கடையொன்றில் அடித்தது. அப்போது நான் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் கிளாக்கர். சண்டைக் காலம். வள்ளங்கள் ஆறு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். பிந்தினால் கடற்படைக்காரர் கடலில் வைத்தே சுடுவார்கள். இஞ்சின் பழுதாகி நிற்கும் வள்ளத்தை நேரத்தோடு கண்டு இழுத்துவர ஒரு பைனாகுலர் தேவைப்பட்டது. "நல்ல பெரிசா வாங்கும் தம்பி. இருட்டுப்படேக்கையும் தெரிய வேணும்" என்றார் செயலாளர்.

தெரிந்துகொண்டே சின்னதை வாங்கினேன். பைனாகுலரோடு சோதனைச் சாவடியில் பிடிபட்டால், யாருக்கு வேவு பார்க்கிறாய் என்பார்கள். பிறகு கேள்வி இல்லை, அடிதான். சாப்பாட்டுப் பெட்டியில் பிட்டுக்கு அடியில் ஒளித்துக் கந்தளாய்ச் சாவடி தாண்டிக் கொண்டுவந்தேன். கப்பலையே கடத்தி வந்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சங்கத்துக்குள் நுழைந்தேன். என்னோடு படித்த தவராசா, வள்ளக்காரன், அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "இதென்னடாப்பா, சுருட்டுப் பெட்டியோ? தேங்காய்ப்பூ வேறை ஒட்டியிருக்கு."

சில மாதங்களில் ஒரு மாலை தவராசாவின் வள்ளம் மட்டும் வரவில்லை. மழை இருட்டு. கரையில் இரண்டு பேர் அவனைத் தேடிப் போக இஞ்சினைப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னால் போவார்கள், ஆனால் ஆறு மணிக்குள் திரும்ப முடியாது. மீன்வாடிக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு புள்ளி. வள்ளமோ, பாறையோ, கடற்படைப் படகோ, அந்தச் சனியன் கண்ணாடியில் பிடிபடவில்லை. அவன் மனைவி ரஞ்சிதம் என் பக்கத்தில் நின்றாள்.

"என்ன அண்ணை தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்ல, பிள்ளை."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்தனான்தானே. ஒண்டுமில்லை."

புள்ளி தெரிகிறது என்றால் அந்த இருவரும் போய்ச் சுடுபட்டிருப்பார்கள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லி வருகிறேன். தவராசா வரவேயில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை.

கடலைப் பார்ப்பதையே குற்றமாக்கியவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அவர்களுக்குப் பயந்து சின்னதை வாங்கியவனையும்தான். இன்று அதே கரையில் வெள்ளைக்காரர்கள் முழங்கை நீளப் பைனாகுலரோடு நிற்கிறார்கள், ஏனென்று கேட்பாரில்லை. நிற்கட்டும், நல்லதுதான், ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். வாடியும் சங்கமும் போய்விட்டன, செயலாளரும் போய்விட்டார். ரஞ்சிதம் கட்டைபறிச்சானில் தமக்கை வீட்டோடு இருந்து, போன மாசியில் கண்ணை மூடினாள். கடைசியாகக் கண்டபோதும் கேட்டாள்: "நீங்கள் அண்டைக்கு வடிவாப் பாத்தனீங்கள்தானே, அண்ணை?"

"ஓம்" என்றேன். அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்ல இனி எனக்கு ஆளில்லை.