முப்பத்தொன்றாம் நாள் புத்தகத்தின் ஆங்கிலப் பக்கம்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய பால்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பவானியின் பக்கத்து வீட்டு ரொஹானி கைப்பேசியில் கூப்பிட்டார். "காக், பவானி போயிட்டாங்க. காலையில கஞ்சி கொண்டுபோனேன், எழுந்திரிக்கல" என்று மலாயில் சொல்லி அழுதார். காக் என்றால் அக்கா. கேட்டதும் நான் செய்தது என்ன தெரியுமா? குடத்தைக் கழுவி, சாமி அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தினேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

கெலாங் பாத்தாவில் நம் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் கடித மேசை போடுவோம். அங்கே வந்து போன எல்லாருக்கும் பவானியைத் தெரியும். சிங்கப்பூர் முதலாளிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியவர்களுக்கு அவள் எழுதிக் கொடுப்பாள், நான் படி எடுத்து வைப்பேன். அவளுக்கு ஐம்பத்து மூன்று, எனக்கு அறுபத்தொன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் தட்டச்சு வேலை பார்த்தவள் அவள். நான் லாபிஸ் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். என் ஆங்கிலம் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் பொறுக்கியது. யார் வந்தார்கள், என்ன சமைத்தேன், எந்தப் பூசை எத்தனை மணிக்கு என்று தினமும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பார்த்துத்தான் என்னை மேசைக்கு அழைத்தாள். "இது என்ன அக்கா, பொலிஸ் டயரியோ?" என்று சிரித்தாள். அவள் யாழ்ப்பாண வழிக் குடும்பம். பேச்சு கடைசி வரை அப்படியே இருந்தது.

முதல் ஞாயிறு வந்தவர் மணியம். இயந்திரத்தில் விரல் நசுங்கியவர். 'தொழிலாளி பலமுறை எச்சரிக்கப்பட்டார்' என்று கம்பெனி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 'பலமுறை' என்ற அந்த 'ரிப்பீட்டட்லி'யின் மேல் பவானி விரலை வைத்தாள்.

"உங்களுக்கு எத்தனை தரம் சொன்னவை?"

"ஒருக்காகூட இல்லம்மா. சொல்ல வேண்டிய சூப்பர்வைசரே மூணு மாசமா லீவு லா."

"பாத்தீங்களோ அக்கா? பலமுறை இருக்கு, ஆளைக் காணேல்லை."

பதில் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுதினாள். யார் எச்சரித்தார், எந்தத் தேதியில்? கம்பெனியால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு மாதத்தில் மணியத்துக்கு வேறு பிரிவில் வேலை கிடைத்தது.

ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவரைச் சொல்லாமலே முடித்துவிடலாம். அவர் காலி செய்த இடத்தில் 'கவனமாக', 'முறையாக', 'உடனடியாக' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'வாஸ்' என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவில். பவானி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். "கவனம் எண்டா கவனிக்க ஒரு ஆள் வேணும் அக்கா. ஆளை வெளியிலை தள்ளிப்போட்டு கவனத்தை மட்டும் உள்ளுக்கை வைச்சிருக்கினம்" என்பாள். அந்தச் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "கடைசியிலை வைச்சா வாசிக்கிற ஆள் அதிலை நிண்டு யோசிக்கும். நடுவிலை எண்டா வழுக்கிக்கொண்டு போயிடும். அதுதான் கொம்பனியள் நடுவிலை வைக்கிறது." எல்லாச் சொல்லின் மேலும் அவளுக்குக் கோபம் கிடையாது. 'மறுநாள்', 'இரண்டு தடவை' என்று வந்தால் விட்டுவிடுவாள். "அது நல்ல பிள்ளை. போய் விசாரிச்சுப் பாக்கலாம்."

ஒரு ஞாயிறு மழை. மேசைக்கு யாரும் வரவில்லை. அன்றுதான் சொன்னாள்: "இந்த வசனங்களை இருபது வருசம் அடிச்சதும் நான்தான். ஒரு பொடியன் சாரத்திலை இருந்து விழுந்தான். 'உடனடியாக உதவி அளிக்கப்பட்டது' எண்டு அடிச்சன். நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா. கனநேரம் ஒருத்தரும் கிட்டப் போகேல்லை." நான் வழக்கம்போல், சாமி மன்னிக்கும் என்றேன். "சாமியை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ. அடிச்சது நான்" என்றாள்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு இதயம் தளர்ந்து கால் வீங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒண்டிக்கட்டை. ஒரே தம்பி ஈப்போவில். என் வீட்டிலிருந்து இரண்டு தெருதான், நடந்தால் ஆறு நிமிடம். நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். பிறகு எங்கள் வீட்டில் பால்குட விரதம் தொடங்கியது. சாவு விழக்கூடிய வீட்டில் விரத வீட்டுக்காரி கால் வைக்கலாமா? ஐயரும் அப்படிச் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்தேன். தொலைபேசியில் மட்டும் பேசினேன்.

"பூசம் முடியட்டும் பவானி, மறுநாளே வரேன்."

"வாங்கோ. முருகனுக்கு முதல் டோக்கன், எனக்கு ரெண்டாவது. வரிசையிலை நிக்கிறன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே. பதினொரு நாள். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சஷ்டி கவசம் எத்தனை முறை சொன்னேன் என்றுகூட இருக்கிறது. பவானி வீடு என்று ஒரு வரி இல்லை. இறுதிச் சடங்கன்றும் தெரு முனையில் நின்றுதான் கும்பிட்டேன். பூசத்தன்று என் வீட்டுக்காரர் சுமந்த பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் பாக்கியம் என்றார்கள்.

பவானி குடும்பத்து வழக்கத்தில் முப்பத்தொன்றாம் நாள் தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் வைத்து ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று அவள் தம்பி என்னைக் கேட்டார். "கடைசி நாளைப் பற்றி நல்லதா ஒரு வரி போடுங்கோ அக்கா. தனியக் கிடந்தவ எண்டு சனம் கதைக்கக்கூடாது." போட்டேன். 'இறுதி வரை அவர் அன்போடு பராமரிக்கப்பட்டார்.' அன்போடு என்பதற்கான 'லவிங்லி' என்ற சொல்லை நடுவில்தான் வைத்தேன். அதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்களில் பலர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினீர்கள். நானும் தலையாட்டினேன். ரொஹானி செருப்பு வைக்கும் இடத்தில் நின்றே படித்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். படித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"அழகா எழுதியிருக்கீங்க, காக். சாயங்காலம் ஆனா பவானி கதவைத் திறந்து வைக்கச் சொல்வாங்க. நீங்க மனசு மாறி வந்தா எழுந்து திறக்க முடியாதாம்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். பதினொரு நாளும் காலையில் கஞ்சி கொண்டுபோனவர், கால் பிடித்துவிட்டவர், துணி மாற்றியவர் அவர்தான். நான் எழுதிய வரியில் அவருக்கும் இடமில்லாமல் போயிற்று. என்னை மறைக்க எழுதியதில் அவரையும் மறைத்துவிட்டேன்.

திருத்தி மறுபடி அச்சடிக்கலாமா என்று தம்பியைக் கேட்டேன். "செத்த வீட்டுப் புத்தகத்திலை திருத்தமோ? விடுங்கோ அக்கா, ஆர் பாக்கப்போகினம்?" என்று போனை வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் நம் கோயில் இதழில் தமிழில் எழுதுகிறேன். புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்த வரியை அடித்துவிட்டு இதைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: ரொஹானி பவானியைப் பார்த்துக்கொண்டார். நான் போகவில்லை.

எழுதிய பிறகு சாமி அறையில் உட்கார்ந்து பார்த்தேன். கவசம் வாயில் வருகிறது, மனசு அதில் நிற்கவில்லை. முருகன் என்னிடம் கேட்காத ஒன்றை அவன் பெயரில் நானே விதித்துக்கொண்டேன். அதற்கு எந்தப் பரிகாரமும் எனக்குத் தெரியவில்லை. செய்தவர் பெயரை வாக்கியத்தில் வைக்கும் பழக்கம் ஒன்றுதான் பவானியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதை விடமாட்டேன். ஆனால் அப்படி எழுதினால் மனசு ஆறும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.