இரண்டாம் மாடியில் போட்ட டிக்

எனக்கு இரண்டு வருடமாகக் காது சரியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாமல் மறைத்ததில்தான் எல்லா வினையும் வந்தது. எதிரே நின்று பேசினால் கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். கீச்சென்று மெல்லிசாக வருகிற சத்தம் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. இருபது வருடமாக ஃபயர் அலாரத்துக்கு நேர் கீழே நின்று "அடிக்குதா, அடிக்குதா" என்று பார்த்தவனுக்கு வேறென்ன மிஞ்சும்?

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்கு உங்ககிட்ட பேசறது. டாக்டர்கிட்ட போய்த் தொலைங்களேன்" என்று மனைவி கத்தாத நாளில்லை. நான் போகவில்லை. அலாரச் சத்தம் கேட்காத ஆளை அலாரம் கம்பெனியில் எவன் வைத்துக்கொள்வான்? வயது நாற்பத்தெட்டு. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலையும் தெரியாது. அதனால் தந்திரம் பழகிக்கொண்டேன். டெஸ்ட் செய்யும்போது, புகையை மோப்பம் பிடிக்கிற டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்துகிறார்களா என்று பார்ப்பேன். அவர்கள் பொத்தினால் நான் டெஸ்ட் படிவத்தில் டிக் போடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் இரண்டு வருடம் மறைத்தேன்.

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு முதியோர் இல்லம். கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் பழைய ஒயர் அலாரம் இருந்தது. புதிதாக எழுப்பிய இரண்டாம் மாடியில் பதினொரு அறைகள். டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து, எல்லாம் முடிந்தபிறகுதான் அங்கே அலாரம் வேண்டும் என்ற ஞானம் வந்திருக்கிறது. "சுவத்துல காடி வெட்டக்கூடாது, ஒயர் வெளியே தெரியக்கூடாது" என்று மேனேஜர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் ஒயர்லெஸ் எக்ஸ்பாண்டர். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. எல்லா அலாரத்தையும் நடத்துகிற பேனல் கீழே இருக்கும்; அதிலிருந்து ஒயர் அந்தப் பெட்டி வரைக்கும்தான் போகும். அதற்கப்புறம் அறைகளில் இருக்கும் டிடெக்டர்களோடு அது காற்றிலேயே பேசிக்கொள்ளும்.

நானும் என் கூட்டாளியும் போனோம். அவன் தாம்பரத்துக்காரன், பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்ப்பவன். பெட்டியை முதலில் லிஃப்ட் பக்கத்தில் மாட்டினோம். லிஃப்ட் சுவரின் கான்கிரீட் சிக்னலைத் தின்றது. கழற்றி மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியதும் சரியாக வந்தது. பிறகு ஒவ்வொரு டிடெக்டராகப் பேட்டரியின் பிளாஸ்டிக் நாக்கை உருவி, பெட்டியோடு சேர்த்து, எண் கொடுத்து, அறைப் பெயர் கொடுத்து, மத்தியானத்துக்குள் பதினொன்றையும் முடித்தோம்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. மேல்மாடி டிடெக்டர்களுக்குள்ளேயே இருக்கும் சைரன்கள் எப்போது அடிக்க வேண்டும் என்று பேனலில் சொல்லிவைக்க வேண்டும். அது விட்டுப்போயிற்று. அவன் விட்டானா, நான் ஞாபகப்படுத்தவில்லையா என்று இன்றைக்கும் தகராறுதான். அதைச் சொல்லாவிட்டால், புகை பட்டதும் மேலே சிவப்பு விளக்கு எரியும், பேனலில் அறைப் பெயர் வரும், கீழே பழைய சைரன் அலறும். மேலே மட்டும் ஒரு சத்தமும் வராது. இந்த மாதிரித் தவறு யாருக்கும் வரும். அதைப் பிடிக்கத்தான் டெஸ்ட், அதற்குத்தான் படிவத்தில் 'சத்தம் கேட்டது' என்று ஒரு கட்டம்.

டெஸ்டுக்காக மேல்மாடிக்காரர்களை எல்லாம் சாப்பாட்டு ஹாலுக்கு இறக்கிவிட்டார்கள். கூட்டாளி கீழே பேனலில் நின்றான். அங்கே பழைய சைரன் அலறுகிற அலறலில் மேலே நடப்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. நான் புகை ஸ்பிரேயைக் கம்பில் மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஸ்பிரே, சிவப்பு விளக்கு, டிக்.

ஏழாம் அறையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூட்டுவலி, அதனால் கீழே இறங்கவில்லை. நான் ஸ்பிரே அடித்தேன். விளக்கு எரிந்தது. அவரைப் பார்த்தேன். காதைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, என்னைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கீழதான் அடிக்குது. இங்க ஒண்ணும் வரலையே?" என்றார்.

அந்த நேரத்தில் என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். தலைக்கு மேலே அலாரம் அலறியும் இந்த அம்மா அசையவில்லை என்றால் காது போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வயதானவர்களிடம் எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் பேசுகிற ஒரு குரல் இருக்கிறது, எல்லாம் தெரிந்த குரல். அந்தக் குரலில் சொன்னேன்.

"அடிக்குதும்மா. உங்க தலைக்கு மேலதான் அடிக்குது. உங்களுக்குக் காது மந்தம் போல. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படியா... இருக்கும், இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் காதுல மாட்டிக்கிட்டே வேலை பார்த்தவ. போகாம என்ன பண்ணும்?" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நான் டிக் போட்டுவிட்டு எட்டாம் அறைக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இல்லத்தில் தீ ஒத்திகை நடத்தியிருக்கிறார்கள். மேல்மாடியில் ஒரு சைரனும் அடிக்கவில்லை. மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டார்கள். கூட்டாளி பேனலைத் திறந்து இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். சரிசெய்துவிட்டு என் கையெழுத்துப் போட்ட பழைய படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான்.

"இன்னா மச்சான் இது? ஒண்ணுகூட அட்சிருக்காது. பதினொண்ணுக்கும் டிக் போட்டுக்கீறியே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரொம்ப நாளா எனக்கு டவுட்டு. காது கேக்கலதானே? வுடு. ஆபீஸ்ல புரோகிராம் மிஸ்டேக்குனு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்து மாட்டிக்காத."

எனக்கு அழுகை வந்தது. அவன் பெரிய மனசுக்காரன். பேசாமல் மேலே போய்த் திரும்ப டெஸ்ட் செய்தேன். ஏழாம் அறையில் ஸ்பிரே அடித்ததும் அந்த அம்மாவின் இரண்டு கைகளும் பட்டென்று காதுக்குப் போயின.  கீழே இருந்து கூட்டாளி சைரனை நிறுத்தியபிறகு கையை எடுத்து, வாய்நிறையச் சிரித்தார்.

"இன்னிக்கு எனக்கே கேட்டுடுச்சு தம்பி! என்னை மாதிரி ஆளுக்காகச் சத்தம் ஏத்தி வச்சீங்களா? நல்லா இருப்பீங்க."

படிவத்தில் ஏழாம் அறைக்கு டிக் போட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். வியாழக்கிழமை காது டாக்டரிடம் சீட்டு வாங்கியிருக்கிறாராம். முன்னாலேயே போயிருக்க வேண்டுமாம். திருச்சியில் அவருடைய அண்ணன் தனியாக இருந்தாராம், தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வாராம்.

"நீங்க வந்துட்டுப் போய் நாலஞ்சு நாள் இருக்கும். அண்ணன் பேசினது ஒரு வார்த்தை புரியலை. எல்லாம் கொழகொழன்னு கேட்டுது. 'என்னண்ணா, என்னண்ணா'ன்னு எத்தனை தடவ கேக்கறது? அவருக்கும் கோபம் வருது. 'எனக்குக் காது போயிடுச்சுண்ணா, டாக்டரைப் பார்த்துட்டு நானே கூப்பிடறேன்'னு வச்சுட்டேன். மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுப் பார்த்தாங்களாம். போயிட்டார். கடைசியா என்ன சொன்னாரோ, பாவி, என் காதுல விழலை."

அந்த அம்மாவின் காதில் விழுந்தது. எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. 

சொல்லாமல் இறங்கியிருக்கலாம். வேலையும் நிலைத்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க காது நல்லாத்தானேம்மா இருக்கு" என்பார். அப்போது அந்த அம்மா தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுவார். அதை நினைத்தபோது நான் தப்பித்துப் போவது அசிங்கமாக இருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னிக்கு இந்த ரூம்ல சத்தமே வரலை. நீங்க சொன்னதுதான் சரி. காது போனது எனக்கு. உங்களுக்கு இல்லை."

அவருக்கு உடனே புரியவில்லை. "என்ன தம்பி?" என்றார். இன்னொரு முறை சொன்னேன். நான் பேசியதிலேயே மிகக் கஷ்டமான வார்த்தைகள் அவை, அவற்றை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

 பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அப்ப... அன்னிக்கு அவருக்குத்தான் வாதம் வந்து பேச்சு குழறியிருக்கு?"

 கூட்டாளி வாசலில் வந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும், படிவத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. முதுகைக் காட்டியபடியே தணிந்த குரலில் ஏதோ சொன்னார். திட்டினாரா, போ என்றாரா, பரவாயில்லை என்றாரா, எனக்குக் கேட்கவில்லை. என்னம்மா சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.