இரண்டாவது கியரின் சத்தம்

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பிக்கப் வண்டி என்னைவிட வயதில் மூத்தது. ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றியபோது சட்டிபானையெல்லாம் அதில்தான் போனது. ஆனால் வண்டியை மட்டும் நைனா அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. தினமும் பஸ் பிடித்து மந்தைவெளி ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்தே லோடு எடுத்தார். பழைய இடத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது வண்டி நிற்கும் அந்தப் பத்து முழ இடம்தான்.

போன மழைக்குப் பிறகு கியர் கத்த ஆரம்பித்தது. தி.நகரில் பீரோ இறக்கிவிட்டுத் திரும்பும்போது இரண்டாவது கியர் விழாமல் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் திட்டாத திட்டு இல்லை.

"கியர் பாக்ஸ் அவுட்டுன்னா காயலான் கடைக்குப் போட்டுட்டு வூட்ல குந்திக்கிறேன். இல்லன்னா ஓட்டறேன். நீயே பாத்து சொல்லு" என்றார் நைனா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பெருங்குடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மெக்கானிக் பேச்சையும் நம்பாதவர் என் பேச்சை நம்புவார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தடங்கல் இல்லாமல் விழுந்தன. வண்டிக்கு அடியில் படுத்து கியர் ஆயிலை இறக்கினேன். உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் ஆயிலில் உலோகத் தூள் மினுக்கும். விரலில் தடவி வெயிலில் காட்டினேன். கறுப்பாக இருந்தது, மினுக்கவில்லை. புது ஆயில் ஊற்றி, கிளச் கேபிளையும் சரிபார்த்து வைத்தேன். பிறகு நானே ஸ்டார்ட் செய்து லஸ் வரைக்கும் போய்த் திரும்பினேன். முதல், இரண்டு, ரிவர்ஸ், எதிலும் ஒரு முனகல்கூட இல்லை.

நைனா ஏறி ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர்.

"இன்னாபா, உன் வண்டியும் படிச்சவன் பேச்சத்தான் கேக்குமா?" என்றார் பக்கத்து வண்டிக்காரர். "ஷூ போட்டு மிதிச்சாத்தான் மரியாதை குடுக்கும்போல!"

நைனா செருப்புக் காலோடு வண்டியில் ஏறமாட்டார். வருஷா வருஷம் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கும் வண்டி அது. செருப்பை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் மிதிப்பார். சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார். மறுபடி கர்ர்ர்.

நான் இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்து அவர் காலைப் பார்த்தேன். கிளச் பாதி வழியிலேயே நின்றிருந்தது. கிளச் முழுசாக இறங்காமல் கியர் போட்டால் எந்த வண்டியும் கத்தும்.

"முழுசா மிதி நைனா."

"மிதிச்சிக்கினுதாண்டா கீறேன்."

பெடலுக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. பெடலின் ரப்பர் தேய்ந்து உதிர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. வெறும் இரும்பின் விளிம்பு இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி போட்டிருந்தது. புண் ஈரமாக இருந்தது. ரொம்ப நாளாகவே சர்க்கரை உண்டு அவருக்கு. மாத்திரையை நினைத்தால் போடுவார்.

"வலிக்கலயா நைனா?"

"எது வலிக்கணும்?"

நான் நிமிரவில்லை.

"இன்னாடா கீழயே பாத்துக்கினு கீற? கோளாறு வண்டியிலயா, என்கிட்டயா?" விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்து வண்டிக்காரரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வண்டியிலதான். பாக்ஸ் போயிடுச்சி."

ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார். "அதுக்கும் வயசாச்சில்ல" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருவிரலை எடுத்தார்கள். காலுக்கும் கியருக்கும் சம்பந்தம் இருப்பதாக நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் காயலான் கடை ஆள் வண்டியை எடுக்க வந்தார். கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று நைனாவும் என்னோடு வந்திருந்தார். வந்த ஆள் செருப்போடு ஏறினார், சாவியைத் திருப்பினார், ரிவர்ஸ் எடுத்தார். சத்தம் இல்லை. முதல் கியரில் நகர்ந்து, தெருமுனைக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு மாற்றினார். அப்போதும் இல்லை. நைனா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கத்தவே இல்லயே" என்றார்.

"லோடு இல்லல்ல நைனா. அதான்."

லோடு இல்லாமலும்தான் அது அவரிடம் கத்தியது. தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலால் பஸ்ஸின் தரையை மெதுவாக அழுத்தினார். குனிந்து பார்த்தார். மறுபடி அழுத்தினார்.